படம் வந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் டிஷ் மாட்ட வந்தவர் கையில் ஒரு ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், அப்புறம் செல்போன், அவ்வளவுதான். என்னை டிவி முன்னால் நிறுத்திவிட்டு மேலிருந்து "வருதா சார், வருதா" என்று கேட்டபடியே டிஷ்ஷை அசைத்தார். "வருது" என்றதும் போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கி, ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார். நானும் போட்டேன்.

முதல் பெருமழையிலேயே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்புறம் வெயிலடிக்கும்போதும் பாதி சேனல் வரும், பாதி வராது. கம்பெனிக்குப் போன் செய்தால் பாக்ஸை அணைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் புது பாக்ஸ் வாங்குங்கள் என்கிறார்கள்.

கடைசியில் வேறொருவர் சிக்னல் அளக்கும் மீட்டரோடு வந்தார். முதலில் கம்பம் நேராக நிற்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி பக்கத்துக் கனெக்டரைக் கழற்றியதும் தண்ணீர் சொட்டியது, உள்ளே பச்சை பிடித்திருந்தது. எல்என்பிக்கு இதே கேபிள் வழியாகத்தான் பாக்ஸிலிருந்து மின்சாரம் போகிறது, 13 வோல்ட் போனால் ஒரு வகைச் சேனல்கள், 18 போனால் மற்ற வகை, வழியில் துருப்பிடித்து 18 குறைந்துபோனால் அந்தப் பாதி காணாமல் போய்விடும் என்றார். பாக்ஸ் மேல் தப்பே இல்லை! கேபிளில் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு, கையால் திருகும் கனெக்டருக்குப் பதில் கருவியால் அழுத்திப் பொருத்தும் கனெக்டரைப் போட்டு, மேலே ரப்பர் டேப் சுற்றி, தண்ணீர் வழிந்து கீழே விழட்டும் என்று கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துக் கட்டினார். எர்த் வயரும் அவர்தான் போட்டார். முதலில் வந்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மூன்று டிகிரி அகலம்கூட வராது. ஒரு டிகிரி தள்ளி நின்றாலும் தெளிந்த வானத்தில் படம் பளிச்சென்றுதான் இருக்கும், ஏனென்றால் டிஜிட்டலில் சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போகும்வரை குறையே தெரியாது. மழை வந்து கொஞ்சம் தின்றுவிட்டால் கையிருப்பு காலி. அதனால் டிவியில் படம் தெரிவதை வைத்து வேலை சுத்தம் என்று சொல்லவே முடியாது. சிக்னல் பலம் வேறு, தரம் வேறு; நமக்கு வேண்டிய சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதுதான் தரம். கீச்சென்று கத்தும் மலிவு மீட்டர் பலத்தை மட்டும்தான் காட்டும், பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்தாலும் அதே மாதிரிதான் கத்தும்.

முதலில் வந்தவரை மட்டும் திட்டி என்ன பயன். இரண்டாவதாக வந்தவரே தன் பயிற்சி பற்றிச் சொன்னார்: இரண்டு நாள் இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தாராம். டிஷ் கணக்கில்தான் கூலி, அதனால் ஒரு வீட்டில் நின்று நிதானமாக அளந்தால் அவருக்குத்தான் நஷ்டம். மீட்டர்கூட அவர் சொந்தக் காசில் வாங்கியது.

கம்பெனிகள் தரம் காட்டும் மீட்டரை ஆளுக்கொன்று கொடுக்கட்டும். வேலை முடிந்ததும் அந்த எண்ணை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், அப்புறம் கேட்கட்டும் நட்சத்திரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்