ஊர் மக்களுக்கும் அந்தப் பெரியவருக்கும்

அப்பா நேற்று வீடு திரும்பிவிட்டார். விமானத்திலிருந்து இறங்கியதும், அந்தக் குளிரில் காத்து நின்ற உங்கள் எல்லோரையும் பார்த்து, "என்ன, இன்றைக்குத் தேர்தலா?" என்று கேட்டார். குரல் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் கேட்டது எங்கள் பழைய அப்பாதான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இரவெல்லாம் விழித்திருந்த சுகாதார நிலைய நர்ஸுகள், காற்று கொஞ்சம் அடங்கிய நேரம் பார்த்து விமானத்தை இறக்கிய விமானிகள், நம் தலைநகர் இக்காலுவிட்டின் மருத்துவமனை ஊழியர்கள், ஒட்டாவாவில் நம் ஊர்களிலிருந்து சிகிச்சைக்குப் போகிறவர்கள் தங்கும் லார்கா பாஃபின் விடுதியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்கள், காரிபூ மான் இறைச்சி கொடுத்தனுப்பிய சொந்தங்கள், உள்ளூர் வானொலியில் அப்பாவுக்காகப் பிரார்த்தித்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதியாக வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரி, போடவில்லை. ஊரை நிர்வகிக்கும் ஹேம்லட் கவுன்சிலுக்கும் சட்டமன்றத்துக்கும் அப்பாவை எதிர்த்து நின்றவர் என்றாலே ஊருக்குப் புரியும்.

அப்பாவுக்கும் அவருக்கும் மோதல் 1997-இல் ஆரம்பித்தது. கனடாவின் வடக்கே தனிப் பிரதேசமாகப் பிறக்கப்போகும் நம் நுனாவுட்டின் சட்டமன்றத்துக்குத் தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு பேரை அனுப்பலாமா என அந்த மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. அப்பா வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். இவர் வேண்டாம் என்று ஏறி இறங்கினார். 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை. 1999 பிப்ரவரியில் முதல் தேர்தல் வந்தபோது இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். நம் சட்டமன்றத்தில் கட்சி கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு என்பதால், தோல்வியும் நேராக ஆளைத்தான் தைக்கும். எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் எடுக்க மாட்டோம்.

நாங்கள் போட்டது போட்டபடி கிளம்பிப் போனோம். இந்தக் குளிரில் ஆளில்லாத வீட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றால் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். நேற்றுக் கதவைத் திறந்தால் வீடு கதகதவென்று இருக்கிறது. சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால், நம் இனுக்டிடூட் மொழி எழுத்தில், எண்ணெய்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று குறித்திருந்தது. ஒரு நாளின் கட்டத்துக்குள், "பர்னரைச் சுத்தம் செய்தேன்." கடைசி நாளின் கட்டத்துக்குள், "டீத்தூள் இல்லை, வாங்கி வைத்திருக்கிறேன்." அவர் கையெழுத்து. யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கட்சியே இல்லாமல் 22 சட்டமன்ற உறுப்பினர்கள் எப்படி ஒன்றாக உட்கார்ந்து முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒட்டாவாவில் ஒருவர் கேட்டார். ரகசிய வாக்கெடுப்பு, அது இது என்று விளக்கினேன். இப்போது கேட்டால் அந்த நாட்காட்டியைக் காட்டுவேன்.

அப்பா இனித் தேர்தலில் நிற்க மாட்டார். கவுன்சிலுக்கு நான் நிற்கப்போகிறேன். ஐயா, நீங்களும் நின்றால் தண்ணீர் லாரி விஷயத்தில் உங்களோடு சண்டை போடத்தான் செய்வேன். ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் உங்கள் வீட்டு ஃபர்னஸ் என் பொறுப்பு.

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் மதியத்துக்கு மேல் வாருங்கள். அவரை அதிகம் பேசவிடாதீர்கள்.

மகள்