சரக்கு லாரி ஏறும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாற்பதைத் தாண்டியவர்கள் டிப்ளோமா படிப்பதெல்லாம் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான், முதலாளிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று அண்மையில் இந்தக் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மற்றப் படிப்புகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நான் படிப்பது கடன் மேலாண்மை, அதாவது கடனுக்குச் சரக்குக் கொடுத்து, பணத்தை ஒழுங்காகத் திரும்ப வாங்கும் வேலை. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் தமிழ் வணிகர்களுக்காகக் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு மளிகை விநியோக நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், வெங்காயம், எண்ணெய். உணவகங்களும் மினிமார்ட்டுகளும் கேட்டரிங் செய்பவர்களும்தான் வாடிக்கையாளர்கள். பெரும்பாலும் 30 நாள் தவணை. அந்த 30 நாள் 45 ஆகி, 45 நாள் 60 ஆகும்போது போன் போடுவது என் வேலை. எங்கள் டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘வசூல் அக்கா’. உறவினர் வீட்டு விசேஷத்தில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் சொன்னதும் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்தால், இரவில் வந்து கதவில் பெயிண்ட் ஊற்றுகிற கள்ள வட்டிக்காரர் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்களோ என்று தோன்றும்.

நான் படிப்பது பிரிட்டனின் பட்டயக் கடன் மேலாண்மைக் கழகத்தின் டிப்ளோமா. 1939இல் தொடங்கிய கழகம் அது. இங்கே 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற பயிற்சித் தொகையை எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டும்தான். அதனால் என் கைக்காசில்தான் படிக்கிறேன், அதுவும் தவணையில். கடன் வசூலிப்பவளே தவணைக்காரி ஆனதில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி என்று சொல்லித்தருவார்கள் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பார்த்தால், சரக்கு இன்னும் கிடங்கை விட்டுக் கிளம்பவே இல்லை, அதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. யாருக்குக் கொடுக்கிறோம், எவ்வளவு வரை கொடுக்கலாம், எந்த நிபந்தனையில், எந்தத் தாளில் யார் கையெழுத்து என்பதுதான் வேலையே. போன் போடுவது கடைசியில் வருவது. இதை நான் படித்து உணர்ந்ததைவிட எங்கள் பேரேட்டில் பார்த்து உணர்ந்ததுதான் அதிகம்.

ஓர் உணவகம். பெயர் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு முன்பே திறந்த கணக்கு. 4,000 வெள்ளிச் சரக்குக்குப் பணம் பாக்கி. கேட்கப் போனால் அதே பெயர்ப்பலகை, அதே கல்லா, அதே சமையல்காரர். ஆனால் உள்ளே இருந்தவர், “தங்கச்சி, அது பழைய கம்பெனி. இப்ப இது வேற” என்றார். வீடு வந்து கம்பெனிகளைப் பதியும் அக்ரா ஆணையத்தின் இணையத்தளத்தில் 5.50 வெள்ளி கட்டி விவரம் எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மைதான். பலகையில் இருந்தது வெறும் கடைப்பெயர். எங்கள் இன்வாய்ஸ் போனது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு. இப்போது கடையை நடத்துவது இன்னொரு கம்பெனி, யுஇஎன் என்ற பதிவு எண்ணே வேறு. பழைய கம்பெனியிடம் ஒரு நாற்காலிகூட இல்லை. தனி உரிமையாளராகப் பதிந்திருந்தால் கடன் அவர் தலையிலேயே விழும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனியின் கடன் கம்பெனியோடு போயிற்று, இயக்குநர் தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர. கணக்குத் திறக்கும் படிவத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்து ஒரு கையெழுத்து வாங்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

அந்த 4,000 வெள்ளியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். செலவெல்லாம் போக வெள்ளிக்கு ஐந்து காசு நிற்கிற வியாபாரத்தில், அதை ஈடுகட்ட 80,000 வெள்ளிக்குப் புதிதாக விற்க வேண்டும். மூட்டை 40 வெள்ளி என்று வைத்தால் இரண்டாயிரம் மூட்டை அரிசி! விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அதுவரை என் போன் அழைப்புகள்தான் அவர் வாடிக்கையாளர்களை விரட்டுகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு ஆர்டர் எடுக்கும் முன் “அக்கா, அவர் அக்கவுண்ட் எப்படி இருக்கு?” என்று கேட்கிறார்.

அதற்கு மேல் ஜிஎஸ்டி. 4,000 வெள்ளிச் சரக்குக்கு 9 விழுக்காடு என்றால் 360 வெள்ளி. இன்வாய்ஸ் போட்டவுடனேயே அது நாம் கட்ட வேண்டிய கணக்கில் ஏறிவிடுகிறது. வாடிக்கையாளர் கொடுத்தாரா இல்லையா என்று வருவாய் ஆணையம் கேட்பதில்லை. வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டுச் சும்மா இருக்கும் தமிழ்க் கடைக்காரர்கள் எனக்குத் தெரிந்தே பலர். சரக்குக் கொடுத்து 12 மாதம் ஆகியும் பணம் வராமல், வசூலிக்க நியாயமான முயற்சி செய்து, கணக்கில் அதை வராக்கடன் என்று தள்ளியிருந்தால் அந்த வரியைத் திரும்பக் கோர வழி இருக்கிறது. முயற்சி செய்ததற்குத் தாள் வேண்டும். வாட்ஸ்அப்பில் “அண்ணே, பார்த்து செய்ங்க” என்று அனுப்பிய குரல்பதிவை மட்டும் நம்பாமல், தேதி போட்ட நினைவூட்டுக் கடிதங்களின் நகலையும் கோப்பில் வைத்திருங்கள்.

பாடநூல் பிரிட்டனில் எழுதப்பட்டது என்பதால் அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. அங்கே 1998இல் வந்த சட்டப்படி, வணிகர்களுக்கு இடையே தாமதமாகும் பணத்துக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 விழுக்காடு வட்டி கேட்கலாம். ஒப்பந்தத்தில் வட்டியைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. சிங்கப்பூரில் எல்லா வணிகத்துக்கும் பொருந்தும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. நம் இன்வாய்ஸில் எழுதியிருந்தால்தான் உண்டு, அதுவும் கணக்குத் திறக்கும்போதே வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சரக்கு இறக்கிய பிறகு இன்வாய்ஸின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சிட்டு என்ன பயன்?

இன்னொரு பாடம், பணம் முழுவதும் வரும்வரை சரக்கு விற்றவருக்கே சொந்தம் என்னும் நிபந்தனை. 1976இல் ரொமால்பா என்ற ஆங்கிலேய வழக்கில் நிலைபெற்றது. அந்த வழக்கில் வந்த அலுமினியத் தகட்டுக்குச் சரி. கிரைண்டர், ஃபிரிட்ஜ் விற்பவர்களுக்கும் சரி. நாங்கள் விற்பது வெங்காயம். அது சாம்பாரில் கரைந்த பிறகு எங்கள் உரிமையை எந்தப் பாத்திரத்தில் போய்த் தேடுவது?

போன் வேலைக்கு வருகிறேன். தவணை முடிந்த பிறகு பேசும் முதல் அழைப்பு ஏற்கெனவே தாமதம்தான். இப்போது நான் முதல் போனைத் தவணைக்கு ஒரு வாரம் முன்பே போடுகிறேன். பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. “இன்வாய்ஸ் கைக்கு வந்துச்சா அண்ணே? சரக்கு எல்லாம் சரியா இருந்துச்சா?” அவ்வளவுதான். அப்போதுதான் தெரியும், உளுந்து இரண்டு மூட்டை குறைந்திருந்ததும், டெலிவரி ஆர்டரில் சமையலறைத் தம்பி பெயரும் முத்திரையும் இல்லாமல் ஒரு கிறுக்கல் போட்டு வாங்கியிருந்ததும். அதைத் தீர்க்காமல் விட்டால் இரண்டு மூட்டைக்காக மொத்த இன்வாய்ஸும் நிற்கும். பிரச்சினைக்குரிய தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தவணையில் கேட்டு வாங்க வேண்டும் என்பது பாடம். ஆறேழு வாடிக்கையாளர்களிடம் இது நன்றாக நடக்கிறது. தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும், முதலாளி ஊரிலிருந்து வரட்டும் என்று சொல்கிறவர்களிடம் எந்தப் பாடமும் எடுபடுவதில்லை. அவர்களுக்கு எங்கள் கணினி ஆர்டரை நிறுத்திவிடும். அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்லி எங்கள் முதலாளிக்கே போன் போடுவார்கள். முதலாளி உறுதியாக இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அது ஏமாந்த வாடிக்கையாளருக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். சரக்கு விற்ற வணிகரும் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முகத்தை முறித்துக்கொள்ளக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே அந்த இரண்டு ஆண்டைக் கழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கட்டுமானத்தில் துணைக் குத்தகை எடுக்கும் நம்மவர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் பணம் செலுத்தும் உத்தரவாதச் சட்டத்தின்படி, “எனக்கு மேலிருந்து வந்தால்தான் உனக்கு” என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது. அந்தச் சட்டத்தில் கெடுக்கள் கறாரானவை. ஒரு நாள் தவறினாலும் கோரிக்கை கைவிட்டுப் போகலாம் என்பதால் குத்தகைக்காரர்கள் அதைத் தனியாகவே படிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் நான் இதைப் படிப்பது தெரிந்ததும் கிரெடிட் கார்டு பாக்கியைப் பற்றி யோசனை கேட்டு வந்தார்கள். அது வேறு துறை. தனிமனிதக் கடன் சிக்கலுக்குக் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு இருக்கிறது, அங்கே அனுப்பினேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் படிப்பு, நம் வியாபாரம் நம்பிக்கையில் ஓடுவது என்று ஒரு மினிமார்ட் பெரியவர் என்னிடம் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி என்ற வட்டிக்கடை வீட்டில் பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுத்த செட்டியார்கள் நம்பிக்கையில் மட்டுமா கொடுத்தார்கள்? ஆள் யார், தொழில் என்ன, ஈடு என்ன, முன்பு யாரிடம் வாங்கி எப்படித் திருப்பினான் என்று விசாரித்து, புரோநோட்டு எழுதி வாங்கி, பேரேட்டில் ஏற்றிய பிறகுதானே பணம் கைமாறியது. குணம், திறன், மூலதனம், ஈடு, சூழ்நிலை என்று என் பாடநூல் ஐந்தாகப் பிரித்துச் சொல்வது அந்த விசாரணையைத்தான். அவர்களுக்குப் பிறகு வந்த நாம்தான் விசாரிப்பதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டோம். படிவத்தை நீட்டினால், “என்னையே சந்தேகப்படுறியா தங்கச்சி?” என்கிறார்கள். அதே அண்ணன் வங்கியில் கடன் வாங்கும்போது மூன்று ஆண்டுக் கணக்கைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்!

எல்லாரும் டிப்ளோமா படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் வணிகச் சட்டத்தையும் கணக்கியலையும் ஆங்கிலத்தில் இரவு பதினொரு மணிக்குப் படிப்பது எளிதல்ல. காலையில் கடை திறக்கிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது இதன் சாறு, தமிழில். கணக்குத் திறக்கும் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும், அக்ரா விவரத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் எந்தக் கடிதம், வராக்கடன் ஜிஎஸ்டியை எப்படித் திரும்பக் கேட்பது, நடுவர் மன்றத்துக்கு எந்தத் தாள்களைக் கொண்டுபோவது. சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபைக்கு நூறு ஆண்டுக்கு மேல் வயதாகிறது. லிட்டில் இந்தியா கடைக்காரர்களுக்கு லிஷா என்ற சங்கம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இதை ஒரு தொடர் வகுப்பாக நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்தை மட்டும் பார்த்து வையுங்கள். சனி, ஞாயிறு வைத்தால் ஒரு கடைக்காரரும் வர மாட்டார். செவ்வாய் அல்லது புதன், பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து, மதியக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் வருவதற்கு முன்பு, லிட்டில் இந்தியாவின் தேக்காவிலேயே ஓர் அறையில். எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் ஏஜிங் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்ற பாடத்தை என்னிடம் விட்டுவிடலாம். முதலாளியிடம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. அரைநாள் விடுப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு வாசகி,
ஈசூன்