ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் வைத்த அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. பொங்கல் விழா நடந்தது. ஆதிச்சநல்லூர் போய் வந்தோம்.

ஆளுநர்கள் குடியிருந்த சென்னை அரசினர் மாளிகையைப் பற்றி நாம் நடத்திய கண்காட்சி குறித்து விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சென்னைக் கட்டடத்துக்குப் பாளையங்கோட்டையில் ஏன் செலவு என்று செயற்குழுவில் கேட்டார்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை நம்மூர்ச் சிறையிலிருந்து தப்பியபோதும், மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோதும் அவரேதான். 1753இல் கிழக்கிந்தியக் கும்பினி வாங்கிய தோட்ட வீட்டை அவர் அந்த ஆண்டுகளில்தான் மாளிகையாக விரித்தார். பக்கத்தில் விருந்து மண்டபம் 1802இல் முடிந்தது. வேலையைப் பார்த்தவர் வானியலாளர் கோல்டிங்காம். கும்பினியின் பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிகளுக்காக எழுந்த அந்த மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். மாளிகை, புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிபட்டது. அந்த வளாகமும் இப்போது மருத்துவமனை. நம் மண்ணின் கதையில் பாதி அங்கே இருக்கிறது என்பதே என் பதில்.

கூடவே சுண்ணாம்புப் பூச்சுச் செயல்விளக்கமும் வைத்தோம். முதல் பூச்சு அரை அங்குலம்: சுண்ணாம்பு 1, மணல் 1½, கருப்பட்டித் தண்ணீர். அடுத்தது சுண்ணாம்பு 3, சலித்த வெள்ளை மணல் 1. கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு, தயிர், நெய் சேரும்; ஈரம் இருக்கும்போதே கூழாங்கல்லால் தேய்த்தால்தான் பளிங்கு போல வரும். சுண்ணாம்பு சரியாக ஊறாவிட்டால், நீறாத குறுணை சுவருக்குள் நீறிப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். பழைய சுவரில் சிமென்ட் பூசுவது அதைவிடக் கேடு: உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாக விழும். நம் ஊரில் தினமும் நடப்பது இதுதான்.

இவ்வளவையும் பார்க்க வந்த உறுப்பினர்களைவிடப் பள்ளிப் பிள்ளைகள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே கடிதம், தொலைபேசியிலும் நினைவூட்டல். இன்னும் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை உறுப்பினர்களே சொல்லட்டும். சந்தாவும் அப்படியே, இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் பலர்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உண்டு. இடம் தந்தவர்கள், கொத்தனார்கள், தலைவர், செயற்குழுவினர் எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பாளையங்கோட்டையின் பழைய மட்டப்பா (தட்டையான மேல்தளம் கொண்ட) வீடுகளை அளந்து, படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நாடா பிடிக்க, குறிப்பெடுக்க, ஏணி ஏற ஒரு தெருவுக்கு நான்கு பேராவது தேவை. ஒருவராக என்னால் முடியாது. பெயர் எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

பணிவுடன்,
செயலாளர்