தாத்தா மெடல் விஷயமாக

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன்னைக் கேட்டால் இரண்டு டிக்கும் நீலமாகிறது, பதில்தான் வருவதில்லை. வேலை இருக்கும். லீவு போட்டாயா என்று கேட்க இதை எழுதவில்லை, மெடல் விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15 அன்று நினைவுத்தூணில் மாலை வைக்கும்போது நம் வீட்டிலிருந்தும் ஒருவர் தாத்தா மெடலைக் குத்திக்கொண்டு நிற்கணுமாம். எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கத்திலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வலப்பக்க மார்பில்தான் குத்த வேண்டும். இடப்பக்கம் வாங்கியவருக்கு மட்டும். போன வருஷம் மேலத்தெருப் பையன் இடப்பக்கம் குத்தி வந்து, சுபேதார் மாமா எல்லார் முன்னாலும் கழற்ற வைத்தார். பக்கம் மாறினாலும் பட்டியில் இருக்கிற வரிசையைக் கலைக்காதே. 1971 சண்டைக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், அப்புறம் 25-வது சுதந்திர ஆண்டு மெடல். மெல்லிய சட்டை வேண்டாம், கனத்தில் துணி தொங்கி மெடல் கவிழும். உள்பக்கம் ஓர் அட்டைத் துண்டு வைத்து அதையும் சேர்த்துக் குத்தினால் நிற்கும்.

பாலிஷ் போடாதே. காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கை வியர்வை பட்டால் வெண்கலத்தில் ரேகை கறுத்து நின்றுவிடும். ரிப்பன் 32 மில்லிமீட்டர் அகலம், புதிது வாங்கலாம், ஆனால் பழையதை எறியாதே. ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் சாயம் போய்விடும். பாலிஷ் மட்டும் போடாதே.

கொடியும் நம் வீட்டு முறைதானாம். 15-ம் தேதி கீழேயிருந்து ஏற்ற வேண்டும். உச்சியில் கட்டி வைத்து விரிப்பது ஜனவரி 26-க்கு. ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக. காவி மேலே வருகிறதா என்று முதல் நாளே கட்டிப் பார்த்துவிட வேண்டும். மடிக்கும்போது காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரிய வைக்கணும். உன் ஆபீஸில் நீ கொடியேற்றிய படத்தைச் சங்கத்தில் எல்லாருக்கும் காட்டினேன். அதுவும் பெரியம்மா பையன் அனுப்பித்தான் எனக்கு வந்தது.

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் ரூம் எடுத்திருக்கிறாய். எம்.இ.ஜி., அதான் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் சென்டர், நடக்கிற தூரம். தாத்தா டிரெயினிங் எடுத்த இடம், அந்த வாசலையாவது பார்த்தாயா? மெட்ராஸ் சாப்பர் என்கிற அந்தப் படைச் சிப்பாய்கள் எல்லாருக்கும் அங்கே ‘தம்பி’தான் பெயர். உன்னைத் தம்பி என்று முதலில் கூப்பிட்டதே அவர்தான். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் சண்டையில் பசந்தர் ஆற்றில் டாங்கி கடக்கக் கண்ணிவெடி எடுத்துப் பாதை போட்டது அவருடைய 9 இன்ஜினியர் ரெஜிமெண்ட். டிஸ்சார்ஜ் புக்கில் நம்பர், டிரேடு, தேதி எல்லாம் இருக்கிறது. மடிப்பில் கிழிகிறது, லேமினேட் செய்யாமல் ஸ்கேன் எடுத்து வைக்கணும்.

லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லில் என்ன இருக்கிறது? வேலூரிலிருந்து 1914-18 சண்டைக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள். எண்ணிக்கைதான், ஒரு பெயர் இல்லை. சங்கிராம் மெடல் அப்படியில்லை, விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் அடித்திருந்தது.

அந்த எழுத்து தேய்ந்தது நீ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனதால் இல்லை, தம்பி. வருஷா வருஷம் குத்துவிளக்கோடு சேர்த்து நான்தான் புளி போட்டுத் தேய்த்தேன். புளியின் அமிலம் கொஞ்சம், சாம்பலின் சுரசுரப்பு கொஞ்சம், மேலாக அடித்த எழுத்து எத்தனை வருஷம் தாங்கும்? அப்பா பெல்ட்டை எடுத்தபோதே எனக்குத் தெரியும். அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். நேற்றுத்தான் அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, பெட்டியை மூடி வைத்தார்.

டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தால் கடைசி மூன்று எழுத்து இன்னும் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டால் தெரியாது. என் போனில் படம் கலங்கலாக வருகிறது. உன் போனில் விழும்.

அம்மா