கோளாறு கண்ணில் இல்லை, ஹெட்லைட்டில்

ஆசிரியருக்கு வணக்கம்.

எதிரே வரும் வண்டிகளின் எல்.இ.டி. வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். நியாயமான புலம்பல்தான். பழைய காரில் எல்.இ.டி. மாட்டும் அந்தத் தப்பைச் செய்தவர்களில் நானும் ஒருவன், அதனால் ஏன் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் காருக்கு 13 வயது. போன வருடம் இரவில் செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரும்போதெல்லாம் ஓரத்து வெள்ளைக்கோடு தெரியாமல் தடுமாறினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் முன்னால் போகும், கிட்டே போனபிறகுதான் தோகையே கண்ணுக்குத் தெரியும். வயசாகிவிட்டது, புரை விழுந்திருக்கும் என்று பயந்து கண் டாக்டரிடம் போனால், பவர்கூட மாறவில்லை என்று அனுப்பிவிட்டார். சரி, பல்பாகத்தான் இருக்கும் என்று கடையில் கொடுத்த வெள்ளை எல்.இ.டி.யை மாட்டினேன். மூன்றாம் நாள் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், "சார், கொஞ்சம் டிம் அடிச்சு வரக்கூடாதா?" என்றார். நான் டிம்மில்தான் வந்திருந்தேன்!

பிறகு ஒயரிங் வேலை செய்பவர் ஒருவர் காட்டித்தான் விஷயம் புரிந்தது. ஈரத்துணியால் ஹெட்லைட்டைத் துடைத்தார், கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. காயக் காய மறுபடி மஞ்சள் படர்ந்தது. இப்போது வரும் கார்களில் இருப்பது நிஜக் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். மேல்பூச்சு தேய்ந்ததும் வெயில் அதை மஞ்சளாக்கிவிடும். அதற்குள்ளே எவ்வளவு பெரிய பல்பைப் போட்டாலும் வெளிச்சம் சாலைக்குப் போகாமல் நாலாபக்கமும் சிதறும். போதாததற்கு, பழைய ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்துக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி.யைச் செருகினால் எதிரே வருபவர் கதி என்ன ஆகும்?

நனைத்தால் தெளிகிறது என்றால் கோளாறு மேலேதான் இருக்கிறது. தண்ணீர் விட்டு எமரி பேப்பர் போட்டு, பாலிஷ் செய்து, மேலே வெயிலைத் தடுக்கும் யு.வி. பூச்சும் அடித்தால் போதும். பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். பற்பசை வைத்தியமும் அந்த ரகம்தான், நானும் தேய்த்துப் பார்த்தேன், கைதான் வலித்தது. நனைத்தும் தெளியாமல் உள்ளே நீர்த்துளி நின்றால் சீல் போயிருக்கிறது. ரிஃப்ளெக்டரில் ரசம் உரிந்திருந்தால் பாலிஷுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், மொத்த செட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் பல்பு வாங்க ஓடாதீர்கள், எர்த் ஒயரும் பல்பு ஹோல்டரும் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிரகாசமாகி, விட்டால் மங்குகிறதா, அப்போது பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். பல்பின் உள்ளே கறுப்புப் படிந்திருந்தால் அதன் ஆயுள் முடிகிறது. புதியதை மாட்டும்போது கண்ணாடிப் பகுதியில் வெறும் விரல் படக்கூடாது, அந்த எண்ணெய்ப் பிசுக்கே சூட்டில் பல்பைக் கொன்றுவிடும். 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) பல்பு போட வேண்டிய இடத்தில், பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கும் ரிலே சுவிட்ச் இல்லாமல் 100/90 போட்டு ஒயர் உருகியவர்களும் எங்கள் தெருவில் உண்டு.

சொந்தக் கார் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்வரை அதன் ஹெட்லைட்டை யாரும் முறையாகச் சோதிப்பதில்லை. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்களே, அப்படியே வண்டியின் கண்ணையும் பார்க்கலாமே! பெரிய கருவிகூட வேண்டாம். சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்தி டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் நடு உயரத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே விழ வேண்டும், இடது ஓரம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வெள்ளைச் சுவரும், அதில் ஒரு கோடும் இருந்தால் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிடலாம். என் காரை முதலில் கொண்டுவருகிறேன். பாலிஷ் போட்டு, பழைய ஹாலஜனையே திரும்ப மாட்டியாகிவிட்டது. வலது பக்கம்தான் இன்னும் சற்றுத் தூக்கலாக அடிக்கிறதோ என்று ஒரு சந்தேகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டிவனம்