ஏற்காட்டுக்குப் போவோம், அட்டவணை வேண்டாம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். விடியற்காலை பகோடா பாயிண்ட், எட்டு மணிக்குக் கிளியூர் அருவி, பத்துக்குச் சேர்வராயன் கோயில், சாயங்காலம் லேடீஸ் சீட். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டிங் முடித்துவிட்டு நீ போனில் பேசிய குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. முதலில் நீ நன்றாகத் தூங்க வேண்டும் சாமி. ஊரைச் சுற்றிப் பார்க்க வயசு கிடக்கிறது.

பொங்கல் கூட்டம் ஓயட்டும், தை மாதக் கடைசியில் போகலாம். புதன்கிழமை ஏறி சனிக்கிழமை காலையில் இறங்கிவிட்டால் வாரக் கடைசி நெரிசலில் மாட்ட மாட்டோம். மே மாதம் வேண்டவே வேண்டாம். கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஏரியைச் சுற்றி வண்டி நகராது. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையை நம்ப முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். தையில் மழை விட்டிருக்கும், ஏரியிலும் தண்ணீர் நிற்கும். குளிர் மட்டும் இருக்கும். கிட்டத்தட்ட 5,000 அடி உயரம், அதனால் குட்டிக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் எடுத்து வை.

தங்குவது ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எஸ்டேட்டுக்குள் தள்ளி இருக்கும் விடுதிகள் அழகுதான், ஆனால் ஒரு டீ குடிக்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். ஏரிக்கரைப் பக்கம் இருந்தால் நீ எந்நேரம் எழுந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கலாம். குட்டிக்கு அண்ணா பூங்கா இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் படகு இருக்கிறது. படகுத்துறைக்கு வெளியே வாணலியிலிருந்து எடுத்துப் போடும் மிளகாய் பஜ்ஜி அப்பாவுக்கு. நான் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

குட்டிக்குக் காபித் தோட்டம் மட்டும் காட்டியே ஆக வேண்டும். அந்தச் சமயம் பறிப்பு முடிகிற தறுவாயில் இருக்கும், களத்தில் பழம் காயும். பறிக்கும்போது செக்கச்செவேலென்று இருப்பது காயக் காயக் கருத்துச் சுருங்கிவிடும். பலகையால் கிளறிவிட்டால் கலகலவென்று சத்தம் வரும். செடியிலிருந்து ஒரு பழுத்த பழத்தைக் கேட்டு வாங்கி அவன் கையில் பிதுக்கிக் காட்டு. வழுவழுவென்று இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வரும், மேலே ஒட்டிய சதை இனிக்கும். தினமும் காலையில் நாம் குடிக்கிற காபி இதிலிருந்துதான் வருகிறது என்றால் நம்பவே மாட்டான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதையை அவனுக்குச் சொல்ல அப்பா ஆசையோடு காத்திருக்கிறார்.

நீ பாட்டனி படித்தவள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும் வைத்திருக்கிறார்கள். உனக்கு மனசு வந்தால் ஒரு மணி நேரம் போய்ப் பார். வேலை கிடைத்ததிலிருந்து நீ ஒரு செடியின் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை, எனக்கு அது குறையாகவே இருக்கிறது.

கிளியூர் அருவிக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது, விட்டுவிடலாம். லேடீஸ் சீட்டுக்கு மட்டும் ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் போவோம். கீழே சேலம் முழுக்க விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

நீங்கள் பெங்களூரிலிருந்து காரில் வந்துவிடுங்கள். நாங்கள் ஈரோட்டிலிருந்து ரயிலில் வந்து சேலம் ஜங்ஷனில் நிற்கிறோம். மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவு, குட்டிக்குக் குமட்டும். சேலத்தில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதே. ஜன்னலை இறக்கிவிட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொல். மாப்பிள்ளையையும் நிதானமாக ஓட்டச் சொல், அவசரம் ஒன்றுமில்லை.

லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. லீவு கேட்கத் தயங்காதே, நீ உழைத்துச் சேர்த்த லீவுதானே. குடியரசு தினத்தை ஒட்டி மட்டும் தேதி வேண்டாம், கூட்டம் ஏறிவிடும். மாப்பிள்ளையிடம் கேட்டு இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அப்பா கீழ்த்தளத்தில் இரண்டு ரூம் போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா