பெட்டி ஏற்றுவதற்கு முன் ஒரு வரி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மாங்குளம் பக்கம் ஒடியலும் (காயவைத்த பனங்கிழங்கு) ஒடியல் மாவும் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் நான். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும், என் கதையும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக அதைச் சொல்லி, சங்கத்திடம் ஒரு மாதிரி ஒப்பந்தத் தாள் கேட்கவே எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நாற்பது பெட்டி அனுப்பினேன். பேச்செல்லாம் தொலைபேசியில்தான். "அனுப்பிவிடுங்கோ அண்ணை, பெட்டி இறங்கின கையோட காசு போடுறன்" என்றார். பெட்டி இறங்கியது. காசு இறங்கவில்லை. ஊர்க்காரர், பிறகு முகம் பார்க்க வேண்டியவர் என்று பதினாலு மாதம் பொறுத்துவிட்டுத்தான் சட்டத்தரணியிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டது தொகையை அல்ல, திகதியை. விற்றுக் கொடுத்த சாமானின் காசுக்கு எங்கள் நாட்டில் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டுமாம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் ஆறு வருடம். என்னிடம் இருந்தது குரல் மட்டும்தான்.

சரி, ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் போடுவோம், அங்கே இரண்டு வருடம் தருகிறார்களே என்றேன். சட்டத்தரணி சிரித்தார். அந்த மாகாணத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டமே, வேறு நாட்டுச் சட்டம் ஆளும் ஒப்பந்தமென்றால் காலக்கெடுவையும் அந்த நாட்டுச் சட்டத்திலிருந்தே எடுக்கச் சொல்கிறதாம். எந்த நாட்டுச் சட்டம் என்று நாங்கள் பேசி வைக்காவிட்டால், ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டோடு நெருக்கம் அதிகம் என்று நீதிமன்றம் தேடும். சாமான் ஏறியது கொழும்புத் துறைமுகத்தில், காசு வர வேண்டியது கிளிநொச்சி வங்கிக்கு. ஆக, கனடா நீதிபதி முன்னாலும் எங்கள் ஒரு வருடமே என்னை மடக்கலாம். எங்கள் சட்டம் என் பின்னாலேயே விமானம் ஏறி வந்த மாதிரி.

இதில் நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. சின்னத் தொகை என்றால் எங்கள் நாட்டுச் சட்டம்தான் வேண்டும் என்று ரோசப்படாதீர்கள். கொழும்பில் வென்ற தீர்ப்பை வைத்துக் காசு வாங்க அங்கே மறுபடியும் வழக்கேற வேண்டும்; கடைக்காரரின் கல்லாப்பெட்டி ரொறன்ரோவில் அல்லவா இருக்கிறது? அங்கேயே சிறு தொகை வழக்குகளுக்கென்று நீதிமன்றம் உண்டு. ஒன்ராறியோ சட்டம், ஒன்ராறியோ நீதிமன்றம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

கொள்கலன் கணக்கில் அனுப்புகிறவர்களுக்கு நடுத்தீர்ப்பு பொருந்தும்; அதாவது, நீதிமன்றத்துக்குப் போகாமல் இரு பக்கமும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் தீர்ப்பு வாங்குவது. 1958ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கையில் இலங்கையும் கனடாவும் இருக்கின்றன; இங்கே கிடைத்த நடுத்தீர்ப்பை அங்கே நிறைவேற்றக் கேட்கலாம். என் நாற்பது பெட்டிக்கு அது சரிவராது, நடுத்தீர்ப்பாளரின் கூலியே மிச்சத்தைத் தின்றுவிடும்.

உங்களிடம் கேட்பது ஒரு பக்கத் தாள். தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம், எதிரே ஆங்கிலத்தில் அதுவே. என்ன சாமான், எவ்வளவு, காசு எப்போது, எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம். அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியைக் கொண்டு ஒருமுறை எழுதுவித்து, சங்கக் கந்தோரில் கட்டுக்கட்டாக வையுங்கள். தனித்தனியாகப் போய் எழுதுவிக்க எங்களால் ஏலாது. தவிர, சொந்தக்காரரிடம் கையெழுத்துக் கேட்க எங்களுக்குக் கூச்சம். "சங்கத்தின்ர விதி, நான் என்ன செய்ய" என்று சொல்ல ஒரு தாள் இருந்தால் அந்தக் கூச்சமும் போகும்.

தையில் கிழங்கு கிண்டி, மாசியில் ஒடியல் காயப்போடுவோம். பங்குனியில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவோம். அதற்குள் தாள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மாங்குளத்துப் பனம்பொருள் வியாபாரி ஒருவன்